அடுத்த ஷிஃப்ட் கவனிக்க

1

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை, நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன் என்று தாய்லாந்து அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கே தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு உள்ள சட்டம் அது. வீடு மாறவில்லை, வேலை மாறவில்லை, ஆளும் மாறவில்லை. ஆனாலும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள். அதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டு அடுத்த தொண்ணூறு நாளை ஓட்டலாம். இணையத்திலேயே முடிக்கலாம் என்கிறார்கள். எனக்கு அது மூன்றுக்கு இரண்டு தடவை மக்கர் பண்ணும். அதனால் நேரில் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்துவிடுவேன்.

இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். பழைய சீட்டுகளைப் புரட்டியபோது, வந்து இந்த மாதத்தோடு பதினோரு வருஷம் முடிகிறது என்று தெரிந்தது. இரண்டே வருஷம் என்று சொல்லிக்கொண்டு வந்தோம். என் கணவர் ராஜன் அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருந்தார். அவர்கள் பாங்காக் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை திறந்தபோது இவரை அனுப்பினார்கள். அப்போது எங்கள் மகள் மீனாவுக்கு ஒரு வயது.

என் மடியில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. என் அப்பாவுடையது. ஆவடியிலிருந்து நான் எடுத்து வந்துவிட்டேன். எடுத்து வந்திருக்கக் கூடாது. ஊரில் இருப்பவர்கள் படிப்பார்கள் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் வாரத்துக்கு ஒரு தடவை வெளிநாட்டுப் போனுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம்.

2

என் வேலை என்னவென்று ஆவடியில் யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. நைனா மட்டும் "எம் பொண்ணு கெழவனுங்க பேசறத கேக்குற வேல பாக்குது" என்று சொல்லிக்கொள்வார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

இங்கே ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஒரு திட்டம் நடக்கிறது. வயதானவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்வார்கள். கணினி அந்தத் தாய்லாந்துப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும். எத்தனை சொல் வந்தது, எங்கே தயங்கினார், எங்கே சொன்னதையே சொன்னார் என்று பார்த்து, ஞாபகம் தேய ஆரம்பித்திருக்கலாம் என்று தோன்றினால் டாக்டரிடம் அனுப்பச் சொல்லும். நரம்பு டாக்டரே எட்டிப் பார்க்காத ஊர்களில் ஒரு நர்ஸும் ஒரு போனும் இருந்தால் போதும் என்பதுதான் யோசனை. நல்ல யோசனை. இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

மூன்று வேலை தருவார்கள். ஒரு சந்தைப் படத்தைப் பார்த்து விவரிக்க வேண்டும். ஒரு சின்னக் கதையைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகங்கள் பேர் வருகிறதோ அத்தனையும் சொல்ல வேண்டும். கணினி எழுதியதைத் தாய்லாந்துப் பெண்கள் சரிபார்ப்பார்கள். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வந்தவள் நான். என் தாய்லாந்து மொழி லட்சணத்துக்கு என்னிடம் சொற்களைத் தர முடியாது. வந்த புதிதில் கடையில் அரிசி கேட்கிறேன் என்று நினைத்து, சொல்லின் ராகம் மாறியதில் முழங்காலைக் கேட்டேன். கடைக்காரம்மாள் பாவம், பாவாடையை லேசாகத் தூக்கித் தன் முழங்காலைக் காட்டினாள். அதனால் எனக்குக் கொடுத்தது மௌனங்களை. ஹெட்போன் போட்டுக்கொண்டு, பேச்சு எங்கே நின்றது, எங்கே மறுபடி தொடங்கியது, நடுவில் மூச்சா, இருமலா, வெறும் அமைதியா என்று குறிக்க வேண்டும். மொழி தெரியாதவள் சொல்லில் மயங்க மாட்டாள் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். இங்கே பேராசிரியரை ஆஜான் என்பார்கள். நம்முடைய ஆச்சாரியர்தான், கழுத்தைத் திருகி இப்படி ஆக்கியிருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் கணினி நிறைய உளறியது. இங்கே மரியாதைக்கு வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'கா' சேர்ப்பார்கள், நாம் 'ங்க' போடுவதைப் போல. சில அம்மாக்கள் நாய்ங்க, பூனைங்க, யானைங்க என்று ஒவ்வொரு மிருகத்துக்கும் மரியாதை கொடுத்தார்கள். சொன்னதையே சொல்கிறார் என்று கணினி அவர்களையெல்லாம் நோயாளி வரிசையில் நிறுத்தியது. தாய்லாந்தின் வடகிழக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள் வீட்டில் பேசுவது வேறு பேச்சு. அவர்களையும் மந்தம் என்றது. ரேடியோத் தமிழில் பதில் சொல்லச் சொன்னால் ஆவடியில் பாதிப் பேர் நோயாளிகள்தான். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரி செய்தார்கள்.

எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், வாசிப்பதையும் பேசுவதையும் காதால் பிரிப்பது. பேசுகிறவர் அர்த்தம் முடிகிற இடத்தில் நிற்பார், அல்லது சொல் கிடைக்காத இடத்தில் நிற்பார். வாசிக்கிறவர் வரி முடிகிற இடத்தில் நிற்பார். பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்குவார். பக்கம் திருப்பும்போது கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுப்பார். பத்து நொடி கேட்டால் போதும், எனக்குத் தெரிந்துவிடும். இதில் எனக்கு நல்ல பேர். கர்வமும் உண்டு.

3

இரண்டு மாதத்துக்கு முன்னால் சோம்ஜித் என்று ஓர் அம்மாளின் பதிவு வந்தது. தையல் ஆலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். மிருகங்கள் பேர் சொல்லும் சுற்றில் தயங்கவே இல்லை. வரிசையாக, ஒரே வேகத்தில், சரியாக ஐந்து ஐந்தாகச் சொல்லி மூச்சு வாங்கினார். நான் வேறெதையும் பார்க்காமல் 'வாசிப்பு' என்று குறித்துத் தள்ளிவிட்டேன்.

பதிவு எடுத்த நொக் என்ற பெண் என் பக்கத்து மேஜைக்காரி. கூப்பிட்டு விசாரித்தேன். அந்த அம்மாள் முன்பே வந்து போனவரிடம் என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டு, மடியில் ஒரு தாள் வைத்திருந்தாராம். ஏமாற்ற இல்லை. இவ்வளவு தூரம் வெயிலில் வந்திருக்கிற பெண்ணைக் காக்க வைப்பது மரியாதையாக இருக்காது என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்துவிட்டாராம். இந்த ஊரில் அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பதற்காக மனிதர்கள் எதையும் செய்வார்கள். நொக் தாளைப் பார்த்தும் பெரியவரிடம் எப்படிக் கேட்பது என்று பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

தாளில்லாமல் மறுபடி எடுக்கச் சொன்னேன். தேவைப்படுகிறவர்தான் எழுதிவைத்துக்கொள்வார், அதுதான் நமக்குத் தெரிய வேண்டியது என்று நொக்கிடம் பாடம் நடத்தினேன். அவள் தலையாட்டினாள். நான் சொன்னதை நானே காதில் வாங்கவில்லை.

4

நைனாவின் பேர் ஏகாம்பரம். அவருடைய அப்பா காலம்வரை திருமழிசைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. இவர்தான் முதன்முதலில் ஆவடி ஃபேக்டரியில், கனரக வண்டிகள் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசியில் ஒரு ஷெட்டுக்கு ஷிஃப்ட் சார்ஜ்மேன். ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸை விட்டு, ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இரண்டு அறை வீடு கட்டினார். மேலே ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விட்டார். அதில் தேவிகாக்கா குடும்பம் ரொம்ப நாளாக இருக்கிறது. நான் ஒரே பிள்ளை. அம்மா இறந்து மூன்று வருஷமாகிறது.

ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிகிறவர் அடுத்து வருகிறவருக்கு ஒரு புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். எந்த மிஷின் நின்றது, எது முடிந்தது, எது பாக்கி, அடுத்த ஷிஃப்ட் எதைக் கவனிக்க வேண்டும். கீழே கொடுத்தவர் கையெழுத்து ஒன்று, வாங்கியவர் கையெழுத்து ஒன்று. வாங்குகிறவர் கையெழுத்துப் போடாமல் கொடுத்தவர் கேட்டைத் தாண்டக் கூடாது. ஒருநாள் அடுத்த ஷிஃப்ட்காரர் வராமல், இவர் ராத்திரி முழுக்க அங்கேயே இருந்துவிட்டுக் காலையில் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா சத்தம் போட்டதற்கு, "புக்குல இல்லாதது நடக்காதது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

அம்மா இருந்தவரை போனில் பேசுவது அம்மாதான். நைனா இரண்டு நிமிஷம் வாங்கி, "இன்னா பாப்பா, நல்லா கீறியா" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அம்மா போனபிறகு முதல் இரண்டு வருஷம் போன் பேசுவதே பெரும்பாடு. கேட்டதற்குப் பதில் வராது. வந்தால் வேறு எதற்கோ வரும். துக்கம் என்று நினைத்தேன். பிறகு ஒரு வருஷமாக ஆள் தேறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊர் நேரம் பத்து மணிக்கு டாணென்று எடுப்பார். இட்லி சாப்பிட்டேன் என்பார், ராஜனின் முட்டி வலியைக் கேட்பார், பழைய ஃபேக்டரிக் கதை ஒன்று சொல்லிச் சிரிக்க வைப்பார். வீடியோவில் மட்டும் வர மாட்டார். மூஞ்சியைக் காட்டி என்ன ஆகப் போகிறது என்பார். நைனா இவ்வளவு நன்றாகப் பேசுவார் என்று தெரியாமல் போய்விட்டதே என்று ராஜனிடம் பெருமையடித்தேன்.

மீனாவும் பேசுவாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. இங்குள்ள பள்ளியில் படிக்கிறாள். தூக்கத்தில்கூடத் தாய்லாந்து மொழியில்தான் உளறுகிறாள். தாத்தாவிடம் பேச வேண்டிய நாலு வரித் தமிழைச் சனிக்கிழமையே என்னிடம் கேட்டு, தாய்லாந்து எழுத்தில் எழுதிவைத்துக்கொள்வாள். "தாத்தா, நான் நல்லா இருக்கேன். பரீட்சை முடிஞ்சுது." அவள் வாசிப்பது எனக்குத் தெரியும், சிரித்துக்கொண்டே விட்டுவிடுவேன்.

சோம்ஜித் அம்மாளின் பதிவைத் தள்ளிய அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை. போனை ஸ்பீக்கரில் போட்டு நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நைனா ஃபேக்டரி கேன்டீன் கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். "அன்னிக்கி கேன்டீன்ல சாம்பாரு" என்றார். மூச்சு வாங்கினார். "தீந்து போச்சி, எங்க ஃபோர்மேன் வந்து" என்றார். மூச்சு வாங்கினார். பிறகு ஒரு சொல்லைக் கொஞ்சம் இழுத்தார். தாள் புரளும் சத்தம் கேட்டது.

என் கை நின்றுவிட்டது. கதை முடிந்து அவர் சிரித்தார். மீனா தன் தாளைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் அவர் வாசிக்கிறார், இந்தப் பக்கம் இவள் வாசிக்கிறாள், இதற்குத்தான் சம்பளம் வாங்குகிற நான் நடுவில் ஒரு வருஷமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

5

லீவு கிடைத்து ஊர் போய்ச் சேர ஆறு வாரம் ஆனது. போனவுடன் நான் நோட்டைத் தேடவில்லை. அதுவே டிவி மேல் இருந்தது. ஃபேக்டரிப் புத்தகத்தைப் போலவே கோடு போட்டு, முடிந்தது, பாக்கி, அடுத்த ஷிஃப்ட் கவனிக்க என்று பிரித்திருந்தார். தான் பேசுவதைப் போலவே எழுதியிருந்தார். அதனால்தான் வார்த்தையில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாமல் போயிருக்கிறது.

ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்.

"நாயித்துக்கெயமை 10 மணி. பாங்காக்குலேர்ந்து பாப்பா போன் பண்ணும். மொத சாப்டியான்னு கேக்கும். இட்லி சாப்டேன், தேவிகா குட்துச்சின்னு சொல்லு. மாப்ள பேரு ராஜன். முட்டி வலி கேளு. பேத்தி பேரு மீனா. அது பேசறது புரியலன்னாலும் சரிம்மான்னு சொல்லு. சாம்பாரு கதை சொல்லியாச்சி. இன்னும் ரெண்டு மாசம் சொல்லாத. உம் பொஞ்சாதி செத்துப்போச்சி. போன்ல எங்கன்னு கேக்காத. பாப்பா அய்வும்."

கீழே கொடுத்தவர் கையெழுத்து, ஏகாம்பரம். வாங்கியவர் இடம் எல்லாப் பக்கத்திலும் காலி.

தேவிகாக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீ அவரைக் கொண்டுபோய் எங்காவது சேர்த்துவிடுவாய் என்று அவர் சத்தியம் வாங்கிக்கொண்டார் என்றாள். தினமும் சாயந்திரம் ஐந்து மணிக்கு உட்கார்ந்து எழுதுவாராம். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைப் படிப்பாராம். கேஸை மூடு, கதவைத் திற, மாத்திரை நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று. அதை வைத்துத்தான் நாள் ஓடுகிறது என்றாள்.

நோட்டைப் பற்றி நைனாவிடமே கேட்டேன். அன்றைக்கு நல்ல தெளிவாக இருந்தார். மறைக்கவில்லை.

"நான் ஒளறுனா நீ ஓடியாருவ. ஓடியாந்தா இந்த ஊட்ட பூட்டிடுவ. அதான் ஒயுங்கா எய்திகினு பேசுனேன். தப்பா பாப்பா?"

தப்பில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்ததில், நாளைக்கு டாக்டரிடம் போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

அம்பத்தூரில் ஒரு டாக்டர். நைனா வெளுத்த சட்டை போட்டு, நோட்டை ஒரு ஜவுளிக்கடைப் பையில் வைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். உள்ளே போகும்போது நான் அதை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். டாக்டர் தேதி கேட்டார், கிழமை கேட்டார், பிறகு ஒரு நிமிஷத்தில் மிருகங்கள் பேர் சொல்லச் சொன்னார். உலகம் முழுக்க அதே கேள்விதான் போலிருக்கிறது.

நாய் என்றார், பூனை என்றார், மாடு என்றார், நாய் என்றார். அப்புறம் நின்றுவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், மனசுக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம். அவர் என் பையைப் பார்த்தார்.

"பாப்பா, புக்க குடு."

இப்போது வேண்டாம் நைனா என்றேன். அவர் டாக்டரிடம் திரும்பி, மேலதிகாரியிடம் சொல்வதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

"நான் ரெடியாத்தான் வந்தேன் சார். இவதான் புடுங்கிகினா."

டாக்டர் சிரித்துச் சமாளித்தார். நைனா சிரிக்கவில்லை. நோய் ஆரம்பக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, தனியாக விடுவது யோசிக்க வேண்டிய விஷயம் என்று பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வாரா வாரம் பேசுகிறீர்களே, உங்களுக்குத் தெரியவில்லையா என்றும் கேட்டார். என்ன வேலை பார்க்கிறேன் என்று அவர் நல்லவேளையாகக் கேட்கவில்லை.

பாங்காக்குக்கு அழைத்துப் போவது லேசில்லை. நீண்டநாள் விசாவுக்கு ஒரு கட்டுக் காகிதம், அதிலும் நேர்காணல். கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவரை எந்தக் கவுண்டரில் நிறுத்துவது? திருமழிசை தாண்டி ஹைவேக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமாக இருந்தது. எல்லோரும் டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மூன்று மாதம் இந்த வீட்டிலேயே இருக்கட்டும். பகலில் ஓர் அம்மாள் வந்து பார்த்துக்கொள்வார், மற்ற நேரம் தேவிகாக்கா. ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் பேசுவதை நான் கவனிப்பேன். சரிந்துகொண்டே போனால் இல்லம். அப்படியென்றால் போனில் அவருடைய உண்மையான பேச்சு வர வேண்டும், நோட்டு குறுக்கே நிற்கக் கூடாது. இப்படித்தான் என் புத்தி போயிற்று. பதிவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி, சொந்த அப்பாவையும் ஒரு பதிவாக ஆக்கிவிட்டேன்.

கிளம்புகிற அன்று காலையில் அவரிடம் சொன்னேன். இனிமே புக்கு வேணாம் நைனா, மனசுல இருக்கிறத அப்படியே பேசு என்றேன்.

"மன்சுல இன்னா கீதுன்னு எனுக்கு எப்டி தெரியும்? புக்கப் பாத்தாதான தெரியும்."

நோட்டைச் சூட்கேஸில் வைத்தேன். தேவிகாக்கா வாசல்வரை வந்து, எடுத்துக்கினு போவாதம்மா என்றாள். டாக்டருக்குக் காட்ட வேண்டும் என்று பொய் சொன்னேன். ஆட்டோ ஸ்டேஷன் ரோடு திரும்பும்வரை நைனா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கையசைக்கவில்லை.

நான் அங்கே பன்னிரண்டு நாள் இருந்தேன். டாக்டரிடம் போன நேரம் தவிர அந்தப் பன்னிரண்டு நாளும் நோட்டு என் பொறுப்பில்தான் இருந்தது. அவர் சாயந்திரம் ஐந்து மணிக்குக் கேட்பார். அப்புறம் நைனா, அப்புறம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

6

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் வந்த பிறகு முதல் போன். ஆபீசில் செய்வதைப் போலப் பதிவு பொத்தானையும் அழுத்திவைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு அவர் எடுக்கவில்லை. நாலாவது தடவைதான் எடுத்தார். யாரு என்றார். நான்தான் நைனா என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மௌனம் எனக்குப் பழகியதுதான். எத்தனையோ பேருடைய மௌனத்தைக் கத்தரித்து ஓரங்கட்டி வைத்திருக்கிறேன். இது என்னால் தாங்க முடியவில்லை.

"பாப்பாவா? உன்ன பாத்து எத்தினி வருசம் ஆச்சி. எப்ப வருவ?"

போன வாரம்தானே நைனா வந்தேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நான் வந்துபோனது எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. எழுதவிடாமல் வைத்திருந்தது நான்தான்.

"இரு, அம்மாவ இட்டாரேன். அதான் உன்ன கேட்டுகினே கீது."

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவர் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். சமையலறைப் பக்கம் ஒருமுறை, கொல்லைப் பக்கம் ஒருமுறை. பாப்பா போன்ல கீது, வா என்றார். செருப்பு தேய்கிற சத்தம் வந்தது, போனது, மறுபடி வந்தது. மீனா தன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி இறந்துபோய்விட்டார்தானே என்று தாய்லாந்து மொழியில் மெல்லக் கேட்டாள். நான் பதிவை நிறுத்தினேன். ஓடிப்போய்ச் சூட்கேஸைத் திறந்து நோட்டை எடுத்து வந்தேன்.

அவர் மூச்சிறைக்கத் திரும்பி வந்து, காணோம்மா என்றார். அவர் கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைப் பிரித்தேன்.

நைனா, நான் படிக்கிறேன், நீ கேளு என்றேன். கேஸை மூடு. கதவைத் திற. மாத்திரை நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பாப்பா போன் பண்ணும். இட்லி, தேவிகா குட்துச்சி. மாப்பிள்ளை பேர் ராஜன், முட்டி வலி. பேத்தி பேர் மீனா. வரி முடிகிற இடத்தில் எனக்கும் மூச்சு வாங்கியது. அம்மாவைப் பற்றிய வரி வந்தபோது அதைத் தாண்டிப் போனேன். ஒவ்வொன்றுக்கும் அவர் ம், ம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருடைய மூச்சு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது.

படித்து முடித்தேன். நைனா கேட்டார்.

"யாரு எய்துனது இது?"

முன் ஷிஃப்ட் ஆளு நைனா என்றேன்.

"நல்லா எய்திகீறான். ஒண்ணு உடல. கையெய்த்து போட்டுக்கீறானா?"

போட்டிருக்கார் என்றேன்.

"அட்த்த ஷிஃப்ட்டு?"

இல்ல நைனா, அந்த இடம் காலியா இருக்கு என்றேன். அவர் சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்பு மட்டும் பழைய நைனாவாக இருந்தது. மீனா தன் பேனாவை என் பக்கம் தள்ளினாள். நான் அந்தப் பக்கத்தின் அடியில், காலியாக இருந்த இடத்தில் என் பேரை எழுதினேன். இப்ப நான் போட்டுட்டேன் நைனா என்றேன்.

"போட்டுட்டியா? அப்ப செரி. நீ போட்டாதான் நான் ஊட்டுக்குப் போவ முடியும்."